ஜெலித் தட்டில் அச்சடித்தவர்கள்

போன சித்திரையில் எங்கட வாசிப்பு வட்டத்தின் சந்திப்பு ஒன்றுக்காக முப்பது துணிப்பைகளில் ஒரு வேப்பிலைப் படமும் "வாசிப்போம், கதைப்போம்" என்ற இரண்டு சொற்களும் அச்சடிக்க வேண்டியிருந்தது. துணியில் அச்சடிக்கிற கடை ஒன்றில் போய்க் கேட்டோம். "ஐம்பதுக்குக் குறைய எடுக்கிறேல்லை பிள்ளையள், கட்டாது" என்றார் கடைக்காரர். அவரில் பிழை சொல்ல ஏலாது. ஸ்கிரீன் சட்டம் ஒன்றைத் தயாரிக்கிற செலவு ஒரு பைக்கும் ஐந்நூறு பைக்கும் ஒன்றுதான்.

எங்களில் ஒருத்தி வேறொரு வழி சொன்னாள். ஜெலட்டினைக் கரைத்துத் தட்டத்தில் ஊற்றி இறுக விடவேணும். அதன்மேல் துணி வர்ணத்தை உருளையால் மெல்லிசாகப் பூசி, இலையையோ வெட்டிய கடதாசியையோ வைத்து, துணியை மேலே போட்டு உள்ளங்கையால் அழுத்தினால் போதும். மெசின் தேவையில்லை. யூடியூப்பில் பார்த்திருக்கிறாளாம்.

செய்தோம். இரவு ஊற்றிய ஜெலி காலையில் வடிவாக இறுகியிருந்தது. முதல் பையில் வேப்பிலையின் நரம்புகூடத் தெளிவாக விழுந்தது. ஆனால் எழுத்து கண்ணாடியில் தெரிகிறமாதிரி இடம் வலம் மாறி வந்தது. எழுத்தைத் திருப்பி வெட்டி, நாலைந்து பை அடித்துவிட்டு, சாப்பிடப் போய் வந்தால் தட்டத்துக்குள் பாயாசம். ஜெலட்டின் 30 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும். வாயில் வைத்தவுடன் ஜெலி கரைகிறதும் அதனால்தான். சித்திரை மாத யாழ்ப்பாணத்தில் வேறென்ன நடக்கும்?

அன்றைக்குத் தட்டத்தைக் கழுவிக்கொண்டே ஒருவர் கேட்டார்: "ஜெலியில அச்சடிக்கலாம் எண்டு முதல்ல ஆர் யோசிச்சது?" அந்தக் கேள்வியைத் தேடிப் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

நூறு என்று பெயர், ஐம்பது என்று கணக்கு

1870களின் முடிவில் ஐரோப்பாவில் ஹெக்டோகிராஃப் என்ற படியெடுக்கும் முறை பரவியது. கிரேக்க மொழியில் 'ஹெகட்டோன்' என்றால் நூறு. ஜெலட்டினும் கிளிசரினும் சேர்த்து ஊற்றிய ஒரு தட்டு, கடும் ஊதா மை, வெற்றுத்தாள். இவ்வளவுதான் சாமான். மையால் தாளில் எழுதி, அதை ஜெலியின்மேல் கவிழ்த்துச் சில நிமிடம் வைத்தால், ஜெலி மையை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு வெற்றுத்தாளை வைத்து அழுத்தி எடுத்தால் பிரதி. ஒவ்வொரு தாளும் கொஞ்சம் மையைக் கொண்டுபோகும். ஆக, முதல் பிரதி கறுப்புக்குக் கிட்டின ஊதா, இருபதாவது வெளிர் ஊதா, ஐம்பதைத் தாண்டினால் கண்ணைச் சுருக்கித்தான் வாசிக்க வேணும். நூறு என்பது விளம்பரப் பெயர்.

இதில் எழுத்துத் திரும்பி விழுகிற தொல்லை இல்லை. ஜெலியில் ஒருமுறை திரும்பும், தாளில் மறுபடி நேராகும். நாங்கள் ஜெலியின்மேல் நேரடியாக வர்ணம் பூசி அடித்ததால் ஒரு திருப்பம்தான் நடந்தது.

இதை ரோனியோவோடு குழப்பக்கூடாது. ரோனியோவில் மெழுகுத்தாளில் எழுத்துத் துளையாக விழும், துளைக்குள்ளால் மை இறங்கும். ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். ஆனால் மெசின் வேணும், அந்த மெசினை வைத்திருக்க இடமும் வேணும். ஜெலித் தட்டை அடுப்படியில் வைக்கலாம். சத்தம் இல்லை, ஈய எழுத்து இல்லை. வேலை முடிந்ததும் உருக்கி மறுபடி ஊற்றலாம். ஒன்றுக்கு மேல் வேணும், ஆனால் அச்சகத்துக்குப் போகிற அளவுக்கு இல்லை, அல்லது போக முடியாது. அந்த இடைவெளிக்குள் நின்ற ஆட்களின் கருவி இது.

துணிக்குப் பிறந்த நிறம்

அந்த ஊதா மை முதலில் தாளுக்காக வந்ததில்லை. 1856இல் லண்டனில் வில்லியம் பேர்க்கின் என்ற 18 வயதுப் பெடியன், மலேரியாவுக்கான கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்யலாமா என்று வீட்டில் பரிசோதனை செய்துகொண்டிருந்தான். நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் அனிலினை வைத்து முயன்றபோது கொயினா வரவில்லை. கறுத்த வண்டலும், அதைக் கரைத்தால் ஒரு ஊதா நிறமும் வந்தன. பட்டுத் துணியை அதில் நனைத்துப் பார்த்தான், நிறம் பிடித்தது. முதல் பெரிய செயற்கைச் சாயம் அதுதான். அந்த வழியில் 1860களில் வந்த இன்னொரு சாயம் மெத்தில் வயலெட். ஒரு சொட்டே ஒரு போத்தல் தண்ணீரை ஊதாவாக்கும். அதன் அந்தச் செறிவுதான் ஹெக்டோகிராஃபைச் சாத்தியமாக்கியது. சாதாரண மையாக இருந்தால் மூன்றாவது பிரதியிலேயே வெளுத்திருக்கும்.

இந்த இடத்தில் கதை எங்கட கரையையும் தொடுகிறது. மன்னாரிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் மணல் நிலத்தில் கிண்டி எடுத்த சாயவேர், பருத்தித் துணிக்குச் சிவப்பு ஏற்றப் பயன்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் அது கும்பனியின் ஏகபோகம். வேர் கிண்டுவது குறிப்பிட்ட சாதி மக்கள்மேல் சுமத்தப்பட்ட கடமை. அந்தச் சிவப்புக்குக் காரணமான பொருள் அலிசரின். 1868இல் ஜேர்மனிய வேதியியலாளர்களான கிரேபவும் லீபர்மனும் அதே அலிசரினை ஆய்வுகூடத்தில் செய்துவிட்டார்கள். அடுத்த வருடமே காப்புரிமை எடுக்கப்பட்டது. சில பத்தாண்டுகளில் தென் பிரான்சின் மேடர் வேர்த் தோட்டங்களும் எங்கட பக்கத்துச் சாயவேரும் சந்தையில் மதிப்பிழந்தன.

இதை நாங்கள் வெறும் இழப்பாகவும் எழுத முடியாது, வெறும் முன்னேற்றமாகவும் எழுத முடியாது. கட்டாயமாக மண் கிண்டிய கைகளுக்கு அந்த வேர் பெருமை தந்ததில்லை. அதேநேரம் வேரோடு கைப்பழக்கமும் போய்விட்டது. மலிவான சாயம் இரண்டு வேலையையும் சேர்த்தே செய்தது. ஒரு தொழிலை முடித்தது, அச்சகம் இல்லாதவர்களின் கைக்கு ஒரு மையைக் கொடுத்தது.

மஞ்சள் கொப்பியும் ஐம்பது பிரதிப் புத்தகமும்

சார் கால ரஷ்யாவில் தணிக்கையைத் தாண்டி ஒன்றை அச்சேற்றுவது லேசில்லை. 1894இல் 24 வயது லெனின் எழுதிய 'மக்களின் நண்பர்கள் எனப்படுவோர் யார்' என்ற நீண்ட விவாத நூல் ஹெக்டோகிராஃபில்தான் வெளிவந்தது. வாசித்த வட்டங்கள் அதை மஞ்சள் கொப்பிகள் என்று கூப்பிட்டார்கள். கையிலிருந்து கைக்குப் போன கொப்பிகள். ஒரு பிரதியைப் பத்துப் பேர் வாசித்தால் ஐம்பது பிரதி ஐந்நூறு பேருக்குப் போகும். இது எங்கட ஊகக் கணக்கு. என்றாலும் சின்ன எண்ணிக்கையைக் குறைவாக மதிக்கிற பழக்கத்தை இந்தக் கணக்கு கொஞ்சம் அசைக்கிறது.

இருபது வருடம் கழித்து அதே ஊரில் அதே தட்டை வேறு ஆட்கள் வேறு காரணத்துக்காக எடுத்தார்கள். 1914இல் குருச்சோனிக், க்ளெப்னிக்கோவ் என்ற கவிஞர்களின் 'தே லி லே' என்ற புத்தகம் ஹெக்டோகிராஃபில் 50 பிரதிகள் வந்தது. ஓவியர்களில் ஒருவர் ஒல்கா ரோசனோவா. பல நிற மைகளால் ஒரே தாளில் எழுதி ஜெலியில் கவிழ்த்தால் எல்லா நிறமும் ஒரே அழுத்தலில் இறங்கும். அச்சகத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக அடிக்க வேணும். ஈய எழுத்தின் ஒழுங்கை வேண்டாமென்று சொன்ன கவிஞர்களுக்குக் கையெழுத்தும் நிறமும் ஒன்றாகப் பாயும் இந்தத் தட்டு பொருந்தியது. ஒரு கூட்டத்துக்கு இது வேறு வழியில்லாத வழி, மற்றக் கூட்டத்துக்கு விரும்பி எடுத்த வழி.

ரோசனோவா துணிக்கும் வந்தவர். வெர்பொவ்கா என்ற உக்ரேனியக் கிராமத்துப் பெண்கள் தைத்த பூவேலைகளுக்கு அவர் வடிவங்கள் வரைந்தார். 1918இல் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தபோது அவருக்கு 32 வயது.

ஜெலியும் பட்டும்

இரண்டாம் உலகப் போரில் ஜெலி இரண்டு பக்கமிருந்து வந்து ஒரு இடத்தில் சந்திக்கிறது.

பிரித்தானிய உளவுத்துறையின் எம்.ஐ. 9 பிரிவு, எதிரி நிலத்தில் அகப்படக்கூடிய விமானிகளுக்காகப் பட்டுத் துணியில் வரைபடம் அச்சடித்தது. தாள் சரசரக்கும், நனைந்தால் கிழியும். பட்டு சத்தம் போடாது, உடுப்புக்குள் தைக்கலாம். ஆனால் பட்டில் மை ஊறிக் கோடுகள் கலங்கின. அந்த வேலையைப் பொறுப்பெடுத்த கிளேட்டன் ஹட்டன் மைக்குள் பெக்டின் சேர்த்துப் பார்த்தார், கோடு நின்றது. ஜாமை இறுக வைக்கிற அதே பெக்டின்தான்.

சிறைமுகாமுக்குள்ளே இருந்தவர்களுக்கோ அரசாங்க அச்சகம் இல்லை. ஸ்டாலாக் லுப்ட் 3 முகாமில் தப்பிக்கும் திட்டத்துக்கு வரைபடங்கள் தேவைப்பட்டபோது, செஞ்சிலுவைப் பொதிகளில் வந்த ஜெலியால் தட்டுச் செய்து, அழியாப் பென்சிலின் கூரை இடித்து மை செய்து பிரதியெடுத்தார்கள். அந்தப் பென்சில் கூரில் இருந்ததும் அதே ஊதா அனிலின் சாயம்தான். 1944 மார்ச் மாதம் சுரங்கத்தால் 76 பேர் வெளியே போனார்கள். மூன்று பேர்தான் கடைசிவரை தப்பினார்கள். பிடிபட்டவர்களில் 50 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். "வீட்டிலேயே செய்து மகிழுங்கள்" என்று இந்தத் தட்டை அறிமுகப்படுத்துகிற காணொளிகளைப் பார்க்கும்போது, இதுவும் நினைவில் இருக்கவேணும் என்று நினைக்கிறோம்.

மறுபடி துணிக்கு

ரோனியோவும் ஃபோட்டோக்கொப்பியும் வந்தபின் அலுவலகங்களுக்கு ஜெலி தேவைப்படவில்லை. கைவினை ஆசிரியர்களும் ஓவியர்களும் அதை வைத்துக்கொண்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஜெலட்டினில் நேரடியாக வர்ணம் பூசி ஒற்றைப் பிரதி எடுக்கும் முறை கலை வகுப்புகளில் பழக்கமானது. துணிக்கு அது நன்றாகவே பொருந்தும். மரக்கட்டை அச்சு நெசவின் மேடுகளில் மட்டும் படும், ஜெலி மெத்தென்று பள்ளத்துக்குள்ளும் இறங்கும். 2010களில் கனிம எண்ணெயை வைத்துச் செய்த, உருகாத, விலங்குப் பொருள் இல்லாத தட்டுகள் கடைக்கு வந்தன. அவற்றின் விலைக்கு எங்கட கடைக்காரரிடமே ஐம்பது பை அடித்திருக்கலாம்.

ஆகவே நாங்கள் பழைய வழிக்கே திரும்பினோம். மாட்டெலும்பில் செய்த ஜெலட்டினைத் தன் வீட்டு அடுப்பில் ஏற்ற ஏலாது என்று ஒருவர் சொன்னார், அது நியாயம். அதனால் அகர் அகரிலும் ஒரு தட்டு ஊற்றினோம். வெயிலுக்கு அது அசையவில்லை. ஆனால் மூன்றாவது பையை உரிக்கும்போது வெடித்தது. ஜெலட்டின் தட்டை வேறொரு வீட்டில் ஹெக்டோகிராஃப் ஆட்களின் முறைப்படி ஊற்றினோம். 85 கிராம் ஜெலட்டினை ஒன்றரைக் கப் தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றரைக் கப் கிளிசரின் சேர்த்து, கொதிக்க விடாமல் கரைத்தோம். கிளிசரின் சேர்த்தால் காயாது, பூஞ்சணம் பிடிக்காது. அச்சடித்தது விடிய ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை மட்டும். பைகளை முதலே தோய்த்துக் கஞ்சிப்பசை போக்கினோம். அச்சுக் காய்ந்தபின் மேலே ஒரு துணி போட்டு அயன் பண்ணினோம்.

மூன்று விடியற்காலையில் 27 பை சரிவந்தது. மூன்று பழுது. ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. சந்திப்புக்கு வந்தவர்கள் "எங்க அடிச்சனீங்கள்?" என்று கேட்டார்கள். தட்டத்தைக் காட்டினோம், நம்பவில்லை.

ஐம்பதுக்குக் குறைவாகத் தேவைப்படுகிற ஒன்று உங்களிடமும் இருக்கும்: ஒரு பெயர், ஒரு வடிவம், சந்தியில் பிடிக்க ஒரு பதாகை. தட்டம் உங்கட வீட்டிலேயே இருக்கு. எழுத்தை மட்டும் மறக்காமல் திருப்பி வெட்டுங்கோ.