மேடு ஏறும்போது நின்றுபோன வைப்பர்

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, சேலத்திலிருந்து தருமபுரிக்குத் தொப்பூர் கணவாய் வழியாக வந்துகொண்டிருந்தோம். மழையைவிட, முன்னால் போன லாரி டயர் வாரி இறைத்த சேற்றுத் தண்ணீர்தான் பெரிய தொல்லை. வைப்பர் ஓடியது. ஆனால் ஆஃப் செய்தால் கீழே வந்து படுக்காமல், கண்ணாடிக்கு நடுவில், சரியாக என் கண்ணுக்கு நேராக நின்றது. விட்டு விட்டுத் துடைக்கிற வேகமும் வேலை செய்யவில்லை. அந்தக் கோளாறைத் தேடிப் போனதில் கிடைத்த கதை இது.

முதலில் வைப்பரை ஓட்டியது மனுஷன் கைதான். அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் 1903இல் காப்புரிமை வாங்கிய வைப்பரில், உள்ளே இருக்கும் நெம்புகோலை இழுத்தால் வெளியே ரப்பர் துடைக்கும். அதை வாங்கி விற்க யாரும் முன்வரவில்லை. அவருக்குக் காசும் வரவில்லை.

அடுத்து, இன்ஜின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தைக் கொண்டு ஓடும் வைப்பர் வந்தது. இதில் ஒரு விவகாரம் உண்டு. மேடு ஏற ஆக்சிலேட்டரை அழுத்தினால் வெற்றிடம் குறையும். வைப்பர் சோர்ந்து நின்றேவிடும். தொப்பூர் மாதிரி ஏற்றத்தில் மழை பிடித்தால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்க! டீசல் இன்ஜினிலோ இந்த மாதிரி வெற்றிடமே கிடைக்காது. வைப்பரை இன்ஜினிடமிருந்து பிரித்துத் தனி மின்மோட்டாரிடம் கொடுத்ததுதான் தீர்வு. நம்ம ஊரில் அந்த வேலையைச் செய்தவர்களில் ஒன்று, சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ்.

தருமபுரியில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் மோட்டாரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே மூன்று கார்பன் பிரஷ். இரண்டு எதிரெதிரே இருக்கும். அது மெதுவான வேகத்துக்கு. மூன்றாவது சற்றுத் தள்ளி இருக்கும். அதன் வழியாகக் கரண்ட் போனால், மோட்டார் சுழலும்போது தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம் குறைகிறது. அதனால் வேகம் கூடுகிறது. வேறு மோட்டார் தேவையில்லை.

"கோளாறு இங்கதான் சார்" என்று பல்சக்கரத்தில் ஒட்டியிருந்த தகட்டைத் தொட்டார். சுவிட்சை ஆஃப் செய்தாலும் இந்தத் தகடு வழியாக இன்னொரு பாதையில் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். வைப்பர் கை கீழே வந்து சேரும் இடத்தில் மட்டும் தகட்டில் ஒரு வெட்டு. அங்கே கரண்ட் அறுபடும். அதோடு மோட்டாரின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்து, அதுவே தனக்கு பிரேக் போட்டுக்கொள்ளும். என் வண்டியில் அந்தத் தொடுமுனை கருகிப் போயிருந்தது.

விட்டு விட்டுத் துடைப்பது ஏன் நின்றது? அதுவும் இதே தகட்டை நம்பித்தான் இருக்கிறது. மின்தேக்கி ஒன்று மெல்ல நிரம்பும். நிரம்பியதும் மோட்டாருக்கு ஒரு சின்ன உந்துதல் போகும். மீதிச் சுற்றை முடித்து வைப்பது இந்தத் தகடுதான். வாஷரிலும் அப்படியே. குட்டி பம்ப் தண்ணீர் அடிக்க, நாம் கையை எடுத்த பிறகும் ரிலே வைப்பரை இரண்டு மூன்று தடவை ஓட்டும். கடைசியில் படுக்க வைப்பது இதுதான்.

இந்த இடைவெளித் துடைப்புக்கு எலெக்ட்ரானிக் சுற்று அமைத்தவர் ராபர்ட் கேர்ன்ஸ். இடது கண்ணில் பார்வையை ஏறக்குறைய இழந்தவர். இமை எப்போதும் அடித்துக்கொண்டே இருப்பதில்லையே, வைப்பர் மட்டும் ஏன் என்று யோசித்தார். 1964இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கார் கம்பெனிகள் தன் யோசனையை எடுத்துக்கொண்டன என்று 1978இல் ஃபோர்டு மேலும், பிறகு கிறைஸ்லர் மேலும் வழக்குப் போட்டார். ஃபோர்டு 1990இல் ஒரு கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுத்து முடித்துக்கொண்டது. அதற்குள் அவருடைய மணவாழ்க்கை முறிந்திருந்தது.

எலெக்ட்ரீஷியன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினார். சுவிட்சை ஆஃப் செய்தேன். வைப்பர் கீழே வந்து படுத்தது. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை நீங்களும் ஆஃப் செய்து பாருங்க. நடுவில் நின்றால், கணவாய்க்குப் போகும்முன் சரி செய்துவிடுங்க.