தாயை இழந்த ஐந்து பெண்மக்கள்

சிலுவையும் ரோஜா மலர்களும் ஏந்தி நிற்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் சுரூபத்தை அறியாதவர் நம்மிடையே இல்லை. அவரது சிறு வழியைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். ஆயினும் நான்கரை வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த சிறுமி அவர் என்பதையும், அத்துயரின் பிடி தளர ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின என்பதையும் நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில் லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்துவந்தார். அவர் மனைவி சேலி, அந்நகருக்குப் பேர்போன லேஸ் பின்னல் தொழிலைத் தாமே முன்னின்று நடத்தினார். பிறந்த ஒன்பது குழந்தைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். எஞ்சிய ஐவரும் பெண்கள். சேலியின் மார்பில் பல ஆண்டுகளாகவே வலி இருந்தது. 1876 டிசம்பரில் மருத்துவர்களைக் கண்டபோது, அறுவைச் சிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். 1877 ஜூனில் மூத்த பெண்கள் மூவரோடும் லூர்து நகருக்குத் திருப்பயணம் போனார். குணம் கிடைக்கவில்லை. மனமுடைந்த மகள்களை, நோயுற்ற தாயே தேற்ற வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள், தமது 45-ஆம் வயதில், சேலி இறைவனடி சேர்ந்தார். அப்போது மூத்தவள் மரிக்கு வயது 17, பவுலினுக்கு 15, லெயோனிக்கு 14, செலீனுக்கு 8.

அந்தக் கடைசி வாரங்களில் அவ்வீட்டார் செய்ததைத்தான் இன்று நாமும் செய்துவருகிறோம். சின்னவர்கள் இருவரையும் நாள்தோறும் உறவினர் வீடொன்றில் கொண்டுபோய் விட்டார்கள். பிஞ்சு மனம் நோகக்கூடாதென்ற அன்பே இதற்குக் காரணம். ஆனால் சிறுமியர் இருவரும் நாடு கடத்தப்பட்டவர்களைப் போலத் தங்களை உணர்ந்ததாகத் தெரேசா பின்னாளில் எழுதினார். ஒரு நாள் காலைச் செபம் சொல்லாமலே புறப்பட நேர்ந்தது. அதைச் செலீன் கூச்சத்தோடு அந்த வீட்டம்மாளிடம் தெரிவித்தாள். அவரோ, சொல்லிக்கொள்ளுங்கள் என்று கூறிவிட்டு, ஒரு பெரிய அறையில் இருவரையும் தனியே விட்டுப் போய்விட்டார். அம்மா இப்படிச் செய்யமாட்டார் என்பது அவர்களுக்குச் சுருக்கென்று தைத்தது. இன்னொரு நாள் அழகான ஆப்ரிகாட் பழம் ஒன்று கிடைத்தது. உண்ணாமல் அம்மாவுக்கென்று எடுத்துச் சென்றார்கள். அம்மாவோ பழம் உண்ணும் நிலையைக் கடந்திருந்தார்.

மறைக்க எண்ணியவற்றையெல்லாம் அந்தச் சிறுமி பார்க்கத்தான் செய்தாள். துக்க வீட்டின் பரபரப்பில் அவளைக் கவனிக்க எவருக்கும் நேரமில்லை. அவஸ்தைப்பூசுதலின்போது தாங்கள் ஐவரும் வயது வரிசையில் நின்றதும், தந்தை தேம்பியதும் அவள் நெஞ்சில் அப்படியே பதிந்தன. தந்தை தூக்கிப் பிடிக்க, தாயின் நெற்றியில் கடைசி முத்தம் இட்டாள்; ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு சவப்பெட்டியின் மூடி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு, அதன்முன் வெகுநேரம் நின்றாள். அதுவரை அவள் அப்படியொன்றைப் பார்த்ததில்லை, எனினும் புரிந்துகொண்டாள். அதன் உச்சியைக் காணத் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. 1891 டிசம்பரில், கார்மேல் மடத்தில் அன்னை ஜெனவியேவின் சவப்பெட்டிமுன் நின்றபோது, அந்தப் பழைய மூடியின் உயரம் அவர் நினைவுக்கு வந்தது. அவள் அதிகம் அழவுமில்லை, தன் உள்ளத்தில் இருந்ததை எவரிடமும் சொல்லவுமில்லை. அழாத குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் எவ்வளவு எளிதாக முடிவு செய்துவிடுகிறோம்!

அடக்கம் முடிந்தபின், தாயில்லாப் பிள்ளைகள் ஆகிவிட்டீர்களே என்று பணிப்பெண் இரங்கினாள். உடனே செலீன் ஓடிப்போய் மரியைக் கட்டிக்கொண்டாள். அவளே இனித் தன் அம்மா என்றாள். பவுலினுக்கு மகளில்லையே என்று இரங்கியோ என்னவோ, தெரேசா பவுலினின் மடியில் விழுந்தாள். படிப்பவர் கண்கலங்கும் காட்சி இது. ஆனால் 17 வயதிலும் 15 வயதிலும் தாயாக்கப்பட்ட அவ்விரு பெண்களும் யார் மடியில் விழுந்தார்கள்? இனி நீதான் தங்கச்சிக்கு அம்மா என்று, தாயைப் புதைத்துவிட்டு வந்த பெண்ணிடம் சொல்லும் வழக்கம் நம் ஊர்களிலும் உண்டு. நடுப்பிள்ளை லெயோனியோ எப்போதும் வீட்டாரின் கவலைக்கு உரியவள். அவளுக்காகவே இன்னும் சிறிதுகாலம் உயிர்வாழத் தாய் விரும்பியிருந்தார். அந்த அறையில் அவளும் இருந்தாள். அவள் யாரை நாடினாள் என்று தெரேசா எழுதவில்லை.

தந்தை லூயி செய்தவை போற்றத்தக்கவை. பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டுக்குப் பங்கிட்டு அனுப்பவில்லை. மனைவியின் கல்லறை இருந்த ஊரைவிட்டுப் பெயர மனமில்லாதபோதும், பெண்களின் நலனுக்காக 1877 நவம்பரில் லிசியே நகருக்குக் குடியேறினார். அங்கே மைத்துனர் இசிதோரின் குடும்பம் இருந்தது. மாலை வேளைகளில் இளைய மகளைக் கைபிடித்து உலாவ அழைத்துச் சென்று, வழியில் ஒரு கோவிலுக்குள் நுழைந்து நற்கருணை நாதரைச் சந்தித்து வருவார். இரவில் அவளை மடியில் வைத்துப் பாடுவார். அத்தனைக்குப் பிறகும், முன்னே கலகலப்பாயிருந்த அச்சிறுமி எதற்கும் கண்ணீர் விடுகிறவளாக, அந்நியரைக் கண்டு ஒதுங்குகிறவளாக மாறிப்போனாள்.

1882 அக்டோபரில் பவுலின் கார்மேல் மடம் புகுந்தாள். அதையும் யாரும் தெரேசாவிடம் முறையாகச் சொல்லவில்லை. அக்காள்மார் தமக்குள் பேசிக்கொண்டதிலிருந்து தற்செயலாக அறிந்தாள். இரண்டாம் முறையாகத் தாயை இழந்தாள் என்றே சொல்லவேண்டும். அடுத்த ஆண்டு கடும் நோயில் விழுந்து, மே 13-ஆம் நாள், தேவதாயின் புன்னகையைக் கண்டு குணமடைந்தாள். தாயின் மரணத்தோடு போன மனவலிமை 1886 கிறிஸ்து பிறப்பு இரவில்தான் திரும்பியது. இதை அவரே குறித்திருக்கிறார். புனிதையின் வீட்டிலேயே, அத்தனை செபத்தின் நடுவிலும் இவ்வளவு காலம் ஆயிற்று. 2015 அக்டோபர் 18 அன்று புனிதர் பட்டம் பெற்ற தம்பதியரின் பிள்ளைதான் அவர். ஆண்டுத் திருப்பலிக்குள் அழுகை நிற்கவேண்டும் என்று பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

1895-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தெரேசா தம் சிறுவயது நிகழ்ச்சிகளைச் சகோதரிகளிடம் சுவைபடச் சொல்லிக்கொண்டிருந்தார். அவற்றை எழுதவைக்கலாமே என்று மரி யோசனை கூறினார். அப்போது மடத்தின் தலைவியாயிருந்த பவுலின் அவ்வாறே கட்டளையிட்டார். பழமும், மூடியும், அந்த முத்தமும் இப்படித்தான் ஏட்டில் ஏறின. தாம் தாயாகத் தெரிந்துகொண்ட அதே அக்காளுக்கு, 22 வயதில், எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். 1896 ஜனவரி 20 அன்று அந்த ஏட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பவுலின் அதை வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு மாதங்கள் கழித்தே படித்தார்.