வாக்கும் வாழ்வும்

யூபிலி ஆண்டில் நம் முன்னோர் விட்டுச்சென்ற ஆலயத்தை நினைக்கிறோம். நமக்குக் கிடைத்த வாக்குரிமையையும் நினைப்பது தகும்.

1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் 8 இந்தியக் கிறிஸ்தவருக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றுக்குக் கிறிஸ்தவரே வாக்களித்தனர். அவருள்ளும் சொத்தோ படிப்போ இல்லாத ஏழைகள் பெரும்பாலோருக்கு வாக்கில்லை.

1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபை மதச் சிறுபான்மையினருக்கான ஒதுக்கீட்டைக் கைவிட்டது. சென்னையிலிருந்து சென்ற உறுப்பினரான சேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அடிகளார் அதை ஆதரித்தார். அயலாரை நம்பி எடுத்த முடிவு அது. 1951-52 பொதுத்தேர்தலில் பண்ணையாருக்கும் கூலியாளுக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கு கிடைத்தது. அதன் வலிமையை 1973-இல் நம் திண்டுக்கல்லே காட்டியது: தோன்றி ஓராண்டும் நிறையாத கட்சியை இடைத்தேர்தலில் வெல்லச் செய்தது.

விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையிலான பிளவு இக்காலத்தின் பெருந்தவறுகளுள் ஒன்று என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எச்சரித்தது. பொதுநலனுக்காக வாக்களிப்பது உரிமையும் கடமையும் ஆகும் என்றும் கூறியது.

2016-இல் நம் மாவட்டத்தை அடுத்த அரவக்குறிச்சியில், பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. அது பக்கத்து ஊர்ச் செய்தி என்று நாம் ஒதுங்கலாகாது. கள்ளத் தராசைப் பாவமென்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுகிறோம். பணத்துக்கும் சாதிக்கும் வாக்கை விற்பதைச் சொல்லுகிறோமா?

எக்கட்சிக்கு வாக்களிப்பது என்று சொல்லுவது பீடத்தின் வேலையன்று. ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வாங்கும் கையே தேர்தல் நாளில் மை வைத்துக்கொள்ளும் கை. அது ஏழையின் பங்கை விற்காதிருக்கட்டும்.