மயக்கமா, மரமரப்பா?

மூளைக்கு வலி தெரியாது! உடம்பின் வலியை எல்லாம் உணர்கிற மூளையையே தொட்டால், அதற்கு வலிக்காது. வலிப்பது தலைத்தோலும், மூளையைப் போர்த்தியிருக்கும் உறையும்தான். அப்படியானால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தால் போதாதா?

1884-ல் வியன்னாவில் கார்ல் கொல்லர், கொகெய்ன் சொட்டால் கண்ணை மரத்துப்போகச் செய்து வழிகாட்டினார். 1909-ல் அமெரிக்காவின் ஹார்வி குஷிங், விழித்திருந்த நோயாளிகளின் மூளையை மின்சாரத்தால் தூண்டி, எங்கே என்ன உணர்கிறார்கள் என்று கேட்டறிந்தார். அதே காலத்தில் லண்டனில் டிரெல் கிரே, முதுகில் ஊசி போட்டுக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்தார்.

நம் பக்கம்? 1949-ல் வேலூரில் ஜேக்கப் சாண்டி, 1950-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி.ராமமூர்த்தி. காரைக்குடியில் ரயிலேறினால் மூளை சர்ஜனைப் பார்த்துவிடலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

பெரியவரிடம் 'அசையாதீங்க' எனலாம். மூணு வயசுப் பிள்ளையிடம்? மண்டை திறந்திருக்கும்போது ஒரு துள்ளல் போதும், விபரீதம்! எனவே முழு மயக்கம்தான். கூடவே தலைத்தோல் நரம்புகளுக்கு மரத்துப்போகும் ஊசி. இதனால் மற்ற வலி மருந்துகளின் தேவை குறையும். முதுகுப் பிளவோடு பிறந்த சில சிசுக்களுக்கு மட்டும், முதுகு ஊசியிலேயே ஆபரேஷனை முடித்திருக்கிறார்கள்.

'மயக்க மருந்து பிள்ளையோட மூளையைக் கெடுக்குமா?' தாய்மாரின் இந்தக் கவலைக்காக, ஏழு நாடுகளில் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த 722 கைக்குழந்தைகளை ஆராய்ந்தார்கள். பாதிப்பேருக்கு மயக்கம், பாதிப்பேருக்கு ஊசி. ஐந்து வயதில் அறிவுத்திறனில் வித்தியாசமில்லை என்றது 2019-ல் வந்த முடிவு. ஆனால் அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மயக்கம். மூளை ஆபரேஷனோ பல மணி நேரம் நீளும். அதற்கான பதில் இன்னும் பாக்கி. இப்போதைக்கு, பிள்ளைகளின் தலையில் போடும் ஊசி மயக்கத்துக்குத் துணைதான், மாற்று அல்ல!