கைக்கடிகாரத்தின் பிறப்புச் சான்று



தாம் பிறந்த ஆண்டிலேயே செய்யப்பட்ட கைக்கடிகாரம் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கும் விருப்பம் இந்நாளில் பலரிடம் காணப்படுகிறது. ஐம்பதாவது பிறந்த நாளுக்குப் பிள்ளைகள் சேர்ந்து அப்படியொரு கடிகாரத்தைப் பரிசளிப்பதும் உண்டு. இது செல்வந்தர் பொழுதுபோக்கு என்று நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். பொன்னாலான சுவிட்சர்லாந்துக் கடிகாரங்களை மட்டும் நினைத்துப் பேசினால் அது சரிதான். ஆனால் நம் தோட்டங்களில் அப்பாவும் தாத்தாவும் கட்டியிருந்த எஃகுக் கடிகாரங்களுக்கும் பிறந்த ஆண்டு உண்டு. அதை எப்படி அறிவது, அறிந்தபின் அதில் எந்த வரலாற்றைப் படிக்கலாம் என்பதே இன்றைய பேச்சு.

பிறந்த ஆண்டு என்பது நம்மவர்களுக்கு எப்போதும் எளிதில் கிடைத்த செய்தியன்று. எம் பாட்டியார் தம் பிள்ளைகளின் வயதைச் சொல்லும் முறையே வேறு. ஒருவர் ஜப்பான்காரன் வந்த வருடத்தில் பிறந்தவர்; இன்னொருவர் அவன் போன பிறகு, திருவிழாவுக்கு முதல் வாரம். பிறப்புப் பத்திரத்தில் உள்ள தேதி, யாராவது பட்டணத்துக்குப் போய்ப் பதிந்த நாளாக இருந்துவிடுவதும் உண்டு. அதனோடு ஒப்பிட்டால், தொழிற்சாலையில் பிறந்த கடிகாரத்தின் பதிவு சற்று ஒழுங்கானது. சற்று என்றுதான் சொல்கிறோம்; காரணத்தைப் பின்னால் காண்போம்.

நாம் பிறந்தது 1981, அக்டோபர்த் திங்கள். எம் தந்தையார் பால்மரம் வெட்டியவர். அதே திங்களில் பட்டணத்துக் கடையொன்றில் சீக்கோ 5 கைக்கடிகாரம் ஒன்றைத் தவணைக்கு வாங்கினார். மகன் பிறந்த மகிழ்ச்சியா, போனஸ் வந்த மகிழ்ச்சியா என்பதில் எம் தாயாருக்கும் அவருக்கும் இன்றுவரை கருத்து வேற்றுமை உண்டு. 2001 இல் நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் புறப்பட்டபோது பெட்டி, படுக்கை, சட்டை, பேருந்துக் கட்டணம் என்று செலவுகள் வரிசையாக வந்தன. கடிகாரத்தைப் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர் ஒருவருக்கு விற்றுவிட்டார். என்ன விலைக்கு என்று கேட்டால், “அது எதுக்கு இப்போ” என்று பேச்சை மாற்றிவிடுவார். அதே வகையில், அதே ஆண்டில் செய்யப்பட்ட ஒன்றை அவருக்கு வாங்கித் தர வேண்டுமென்ற எண்ணத்தால்தான் நாம் இத்துறையில் நுழைந்தோம்.

சீக்கோ 5 என்ற வகை 1963 இல் வெளிவந்தது. சாவி கொடுக்க வேண்டாம்; கை அசைந்தால் போதும். கிழமையும் தேதியும் ஒரே சாளரத்தில் தெரியும். திருகு உறுத்தாதபடி நான்கு மணி இருக்கும் பக்கத்தில் ஒதுங்கியிருக்கும். நீரைத் தாங்கும், உடலும் பட்டையும் உறுதியானவை. விடியற்காலையில் மரத்துக்கு மரம் நடந்து, கையை ஓயாமல் அசைக்கும் தொழிலாளிக்கு இதைவிடப் பொருத்தமான கடிகாரம் ஏது?

இதன் பின்மூடியைத் திருப்பிப் பார்த்தால் ஆறு இலக்க வரிசை எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, அக்டோபருக்கு 0, நவம்பருக்கும் டிசம்பருக்கும் அம்மாதங்களின் ஆங்கில முதலெழுத்துகள். ஆகவே 18 என்று தொடங்கும் எண், ஒன்றில் முடியும் ஓர் ஆண்டின் ஆகஸ்டு மாதத்தைக் குறிக்கும். எந்தப் பத்தாண்டு என்று எண் சொல்லாது. 1971 ஆக இருக்கலாம், 1981 ஆக இருக்கலாம், 1991 ஆகவும் இருக்கலாம்.

இங்கேதான் வரலாற்று மாணவனின் வேலை தொடங்குகிறது. பின்மூடியில் இயந்திரத்தின் வகை எண்ணும் நான்கு இலக்கங்களில் பொறிக்கப்பட்டிருக்கும். 6119 என்றிருந்தால் அது எழுபதுகளின் முற்பகுதியைச் சேர்ந்தது. அப்போது 1 என்பது 1971. எம் தந்தையாரின் கடிகாரத்தில் இருந்தது 7009. பதினேழு கற்கள் கொண்ட, மணிக்கு 21,600 முறை துடிக்கும் இயந்திரம். இது எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து தொண்ணூறுகள் வரை செய்யப்பட்டதால் 1981 ஆ, 1991 ஆ என்ற ஐயம் அப்படியே நிற்கிறது.

மற்ற நிறுவனங்களின் வழக்கம் வேறு. சுவிட்சர்லாந்துக் கடிகாரங்கள் பலவற்றில் எண்ணை உள்ளே இயந்திரத்தின்மீதே பொறித்தார்கள். 1832 இல் தொடங்கிய லோன்ஜின் நிறுவனம் பழைய எண்களைக் கையால் எழுதிய பேரேடுகளில் காத்து வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் வெள்ளிக் கூடு போட்ட பழைய பைக்கடிகாரமாயின், வெள்ளியைச் சோதித்த அலுவலகத்தின் முத்திரையில் ஆண்டுக்கு ஓர் எழுத்து இருக்கும். ஆனால் அது கூட்டின் ஆண்டே தவிர இயந்திரத்தின் ஆண்டு அன்று.

முதலில் வாங்கியதில் நாம் ஏமாந்தோம். 1981 ஆம் ஆண்டுக் கடிகாரம் என்று விற்றவர் உறுதி சொன்னார். முகப்பு புத்தம் புதிது போல் பளபளத்தது. அதைக் கண்டு மகிழ்ந்தோமே தவிர, நாற்பது ஆண்டு உழைத்த பொருள் ஏன் இப்படிப் பளபளக்கிறது என்று கேட்கவில்லை. மும்பையில் பழைய முகப்புகளைச் சுரண்டி மறுபடியும் வண்ணம் பூசி விற்பது பெரிய தொழில் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். முகப்பின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்க வேண்டும். அதன் முதல் நான்கு இலக்கங்கள் பின்மூடியிலுள்ள வகை எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். நம்முடையதில் அந்த எண்ணே பூச்சில் மறைந்து போயிருந்தது. திறந்து பார்த்தால் பின்மூடி ஒரு வகை, உள்ளே இயந்திரம் வேறு வகை. மூடி மட்டும் 1981 இல் பிறந்தது!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1960 களுக்கு முன் பிறந்தவர்களுக்காகத் தேடுவோர், இருட்டில் ஒளிவிடும் முட்களைக் கண்டால் கவனமாக இருங்கள். அக்காலத்தில் அவற்றில் ரேடியம் பூசினார்கள். ஒளி மங்கிப் போனாலும் ரேடியம் போய்விடாது. பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் வேண்டும். வீட்டில் கத்தியால் நெம்பித் திறந்து பார்க்கக் கூடாது.

இரண்டாவது கடிகாரம் பட்டணத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் கிடைத்தது. கீறல் விழுந்த கண்ணாடி, மங்கிய முகப்பு, எண்கள் அனைத்தும் ஒன்றுக்கொன்று ஒத்தவை. வரிசை எண் 18 இல் தொடங்கியது. 1991 ஆக இருந்தால் என்ன செய்வது என்று நாம் கேட்டதற்கு அவர் விடை சொல்லாமல் பின்மூடியைத் திறந்து, உட்புறத்தை விளக்குக்கு நேரே சாய்த்துக் காட்டினார். ஊசி முனையால் கீறிய எழுத்துகள் தெரிந்தன. பழுதுபார்ப்பவர்கள் தாம் கைவைத்த நாளை இப்படிக் கீறி வைப்பது பழைய வழக்கம். அங்கே, யாரோ ஒருவர், 86 என்ற ஆண்டைக் கீறியிருந்தார். 1986 இல் துடைத்து எண்ணெய் போட்ட கடிகாரம் 1991 இல் பிறந்திருக்க முடியாது அல்லவா? கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கல்லின் காலத்தைக் கணிப்பதும் இதே வழியில்தான். 250 வெள்ளி கொடுத்து வாங்கினோம். எம்மைவிட இரண்டு திங்கள் மூத்தது.

அந்த 1981 எப்படிப்பட்ட ஆண்டு? கடிகாரத் தொழிலில் அது புயல் வீசிய காலம். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ நிறுவனமே முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு விட்டது. விலை 450,000 யென். மோட்டார் வண்டியின் விலை. பத்தே ஆண்டுகளில் அந்நுட்பம் மலிந்துவிட்டது. 1970 இல் சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 90,000 பேருக்குச் சோறு போட்ட தொழிலில், எண்பதுகளின் நடுவில் 30,000 சொச்சம் பேரே எஞ்சினர். அப்படியிருக்க எம் தந்தையார் பழைய வகையையே வாங்கியது ஏன்? மின்கலம் தீர்ந்தால் பட்டணத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் அவர் சொல்லும் காரணம். நமக்கு அது போதுமானதாகவே படுகிறது.

நம் நாட்டில் நடந்த மாற்றமோ இன்னும் நெருக்கமானது. தீபகற்பத்தின் கடிகாரங்கள் 1905 ஜூன் 1 முதல் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம் முந்தியிருந்தன. 1933 இல் இருபது நிமிடமும், 1941 செப்டம்பரில் மேலும் பத்து நிமிடமும் கூட்டினார்கள். 1942 இல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரத்தைத் திணித்தார்கள். அவர்கள் 1945 இல் தோற்றபின் ஏழரை மணிக் கணக்கு திரும்பியது. சபா, சரவாக் மாநிலங்கள் எட்டு மணிக் கணக்கில் இருந்ததால் ஒரே நாட்டில் இரு நேரங்கள் நிலவின. இதை ஒன்றாக்கவே 1981 இல் சட்டம் இயற்றினர். அவ்வாண்டு டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்பத்து மக்கள் முட்களை நகர்த்தி 12 ஆக்கினார்கள். சிங்கப்பூரும் உடன் மாறியது. 1981 இன் அந்த அரை மணியை எந்தக் கடிகாரமும் இங்கே காட்டவில்லை.

சூரியன் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. கோலாலம்பூரில் ஏழு மணியை ஒட்டியோ தாண்டியோதான் இன்று அது உதிக்கிறது. உச்சிக்கு வர ஏறத்தாழ ஒன்றேகால் மணியாகிறது. பால்மரமும் கட்டுப்படவில்லை. விடியுமுன் குளிரில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுதி. வெயில் ஏற ஏறப் பால் குறையும். புத்தாண்டு கழிந்து வேலை தொடங்கிய நாளில், ஐந்தரைக்கு எடுத்த பெரட்டைத் தங்கள் தோட்டத்தில் ஆறு மணிக்கு எடுத்தார்கள் என்கிறார் எம் தந்தையார். எழுந்த இருட்டு அதே இருட்டு. முள் மட்டும் தள்ளி நின்றது. அவர் தம் புதுக் கடிகாரத்தைச் சில வாரங்கள் மாற்றவேயில்லை. பட்டணத்துக்குப் போகும் பேருந்தை இரண்டு முறை தவறவிட்டு, அம்மாவிடம் ஏச்சு வாங்கிய பிறகே திருகை இழுத்தாராம்.

சென்ற தீபாவளிக்கு அந்த 18 ஆம் எண் கடிகாரத்தை அவர் கையில் கொடுத்தோம். இருமுறை குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டார். என்ன விலை என்றார். சொன்னோம்.

“நம்மளத நாப்பது வெள்ளிக்குக் கொடுத்தேன்” என்றார். பிறகு வானொலியில் மணி சொல்லும்வரை திருகைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.