பத்திக் ஓவியம்: கைலித் துணியிலிருந்து கலைக்கூடம் வரை

பத்திக் என்பது மெழுகைத் தடுப்பாகக் கொண்டு துணிக்குச் சாயமேற்றும் முறை. ஜாவாத் தீவில் செழித்து வளர்ந்த கலை இது. இந்தோனேசிய பத்திக்கை யுனெஸ்கோ 2009-ஆம் ஆண்டு மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நெடுங்காலம் கைலியாகவும் மேலாடையாகவும் மட்டுமே அறியப்பட்ட பத்திக், மலாயாவில் 1950-களில் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் ஓவியமாக உயர்ந்தது. அதற்கு முன்னோடி பினாங்கில் வாழ்ந்த சுவா தியன் தெங்.

தோல்வியில் பிறந்த கலை

சீனாவின் பூஜியன் மாநிலத்தில் பிறந்த சுவா, இளமையிலேயே பினாங்குக்கு வந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பத்திக் துணித் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். தொழில் நொடித்தது. கற்ற தொழில்நுட்பம் மட்டும் கையில் நின்றது. அதையே ஓவியத்துக்குப் பயன்படுத்திப் பார்த்தார். 1955-இல் பினாங்கில் தம் ஓவியங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தார்.

செய்முறை

முதலில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதிகளை உருக்கிய மெழுகால் மூடுவர். இதற்குச் 'சாந்திங்' என்னும் மூக்குள்ள சிறு செப்புக் கருவி உதவும். பின் வெளிர் நிறச் சாயம் ஏற்றுவர். அந்நிறம் நிலைக்க வேண்டிய இடங்களை மீண்டும் மெழுகால் மூடி, அடுத்த அடர் நிறத்துக்குச் செல்வர். இறுதியில் வெந்நீரில் மெழுகை நீக்குவர். மெழுகு விரிசலிட்ட இடங்களில் சாயம் புகுந்து மெல்லிய கோடுகளாகப் படியும். தவறினால் அழித்து எழுத முடியாது. ஆகவே முழு ஓவியமும் முன்கூட்டியே ஓவியரின் மனத்தில் உருவாகியிருக்க வேண்டும்.

கிராம வாழ்க்கை

மலாய்த் துணி பத்திக்கில் பூ, கொடி, இலை வடிவங்களே மிகுதி. சுவா அவ்விடத்தில் மனிதர்களை வைத்தார். குழந்தையை அணைத்த தாய், பழம் விற்கும் பெண்கள், மீனவர் ஆகியோர் அவருடைய ஓவியங்களில் இடம்பெற்றனர். யுனிசெஃப் அமைப்பு 1968-இலும் 1987-இலும் அவரது ஓவியங்களை வாழ்த்து அட்டைகளாக வெளியிட்டது. 2008-இல் அவர் காலமானார்.

வரலாற்றுப் பார்வை

இவ்வோவியங்களை அக்காலக் கிராமத்தின் நிழற்படமாகக் கொள்ளலாகாது. 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம் நிலவியது. ஏறத்தாழ 5 லட்சம் நாட்டுப்புற மக்கள், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட 'புதுக்கிராமங்களில்' குடியேற்றப்பட்டனர். சுவா தீட்டிய அமைதியான கிராமத்தில் அந்த வேலி இல்லை. அதனால் அவை பொய்யாகிவிடா. 1957-இல் விடுதலை பெறவிருந்த, பல இனத்தார் வாழும் ஒரு நாடு தன்னை எவ்வாறு காண விரும்பியது என்பதற்கு அவை சான்று. சீனாவில் பிறந்த ஒருவர், ஜாவாவில் செழித்த முறையில், மலாய்க் கிராமத்தைத் தீட்டினார் என்பதே அந்த விருப்பத்தை விளக்கப் போதும். ஓவியத்தில் இருப்பதோடு இல்லாததையும் கேட்டறிவதே வரலாற்று மாணவருக்கு அழகு.