வேதாகம நம்பகம்: மதுரை வட்டாரக் கிறிஸ்தவத்தில்

வேதாகமத்தை நம்பத்தக்க வழிகாட்டியாகக் கொள்வது கிறிஸ்தவத்தின் எல்லாப் பிரிவுகளுக்கும் பொது. அந்த நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்பதில்தான் பிரிவுகள் பிரிகின்றன. 1546இல் கூடிய திரெந்துச் சங்க அமர்வு, மறைநூலையும் திருச்சபை வழிவழியாகக் காத்துவந்த மரபையும் ஒருசேர ஏற்க வேண்டும் என்று தீர்மானித்தது. லுத்தரின் வழிவந்தவர்கள் நூல் ஒன்றே போதும் என்றனர். மதுரைக்கு இவ்விரு கட்சிகளும் வந்துசேர்ந்தன. ஆனால் நூலில் பிழை உண்டா இல்லையா என்ற வாதம் இங்கு நெடுங்காலம் எழவே இல்லை. எந்த நூல், அதை யார் வாசிப்பது, வாசித்தவரின் சொல்லை யார் ஏற்பது என்பவைதான் 4 நூற்றாண்டுகளாக நடந்த வழக்குகள்.

தொலைந்த வேதம்

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலையில், செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும், 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. தமிழ்ச் சமணர் திகம்பரர். மகாவீரரின் வாக்காக வந்த ஆதி ஆகமங்கள் காலப்போக்கில் மறைந்துவிட்டன என்பது திகம்பரரின் கொள்கை. மூலநூல் தொலைந்த பின்னும் ஒரு சமயம் ஆசிரியர் பரம்பரையை நம்பி வாழ முடியும் என்பதற்கு இந்த மலையே சான்று.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி (1577–1656) கையிலெடுத்ததும் தொலைந்த வேதம் என்ற கருத்தைத்தான். காவியுடுத்தி, மரக்கறி உண்டு, சிவதர்மா என்ற தெலுங்கு அந்தணரிடம் வடமொழி பயின்ற அவர், வீடுபேற்றுக்குரிய வேதம் மறைந்துபோயிற்று என்றும், அதையே தாம் மீட்டுக் கொண்டுவந்திருப்பதாகவும் அறிஞர்களிடம் வாதிட்டார். அவருக்கு முன்பே மதுரையில் பரதவக் கிறிஸ்தவர்களுக்குப் பணியாற்றிவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் இதைக் கண்டு கொதித்தார். புகார் கோவாவுக்கும் ரோமுக்கும் போயிற்று. 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி நொபிலியின் முறைக்கு அனுமதி அளித்தார்.

மீட்டுக் கொண்டுவந்ததாகச் சொன்ன வேதத்தை நொபிலி தமிழில் மொழிபெயர்க்கவில்லை. அவர் எழுதியவை ஞானோபதேசங்களும் கண்டன நூல்களுமே. அவர் மட்டுமல்லர்: 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் தொடங்கி, அன்ரீக் அன்ரீக்கஸ் அச்சேற்றிய தமிழ் நூல்களிலும் விவிலியம் இல்லை. மக்கள் நம்பியது குருவின் ஒழுக்கத்தையும் உபதேசியார் சொல்லிக்கொடுத்த மந்திரங்களையும் புனிதர்களின் கதைகளையும். இதைக் குறையாகப் பார்ப்பது புராட்டஸ்டண்டுக் கண்ணோட்டம். ஓலையும் எழுத்தும் சிலருக்கே எட்டிய காலத்தில் ஆளை நம்புவதே நடைமுறை.

தரங்கம்பாடிப் புத்தகம்

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு இந்த நடைமுறையைக் கலைத்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை எட்டியிருந்த நிலையில் 1719இல் காலமானார். எஞ்சியதை பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். 1728இல் முழு வேதாகமமும் தமிழில் இருந்தது. இந்திய மொழிகளில் இதுவே முதல்.

அந்தப் புத்தகம் செய்த வேலைக்கு இராஜநாயக்கன் நல்ல எடுத்துக்காட்டு. தஞ்சைப் படையில் சேர்வைக்காரராக இருந்த கத்தோலிக்கர் அவர். தரங்கம்பாடிப் பதிப்பு கைக்குக் கிடைக்க, வாசித்து, 1720களில் லுத்தரன் சபைக்கு மாறி உபதேசியாரானார். இயேசு சபையின் மதுரை மிஷன் குருக்களுக்கு இது பெரும் தலைவலி. அவர்களுள் ஒருவரான வீரமாமுனிவர் 1728இல் வேதவிளக்கம் எழுதினார். திருச்சபையின் துணையின்றி நூலை மட்டும் பிடித்துக்கொண்டால் ஆளுக்கொரு பொருள் பிறக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். தரங்கம்பாடித் தமிழின் கரடுமுரடையும் அவர் சும்மா விடவில்லை. தேம்பாவணி பாடியவருக்கு அந்த நடை பொறுக்காததில் வியப்பில்லை. எனினும் இராஜநாயக்கன் போன்றவர்களை இழுத்தது நடையழகு அன்று. இடையில் ஆளின்றித் தாமே வாசிக்கலாம் என்ற வாய்ப்பு.

திருத்தங்களும் எதிர்ப்பும்

லுத்தரன் மிஷனரி பிலிப்பு பப்ரிசியுஸ் புதிய ஏற்பாட்டை 1772இல் வெளியிட்டார். அவருடைய பழைய ஏற்பாடு அவர் மறைவுக்குப் பின் 1796இல் நிறைவுற்றது. தஞ்சை, தரங்கம்பாடிச் சபைகள் இம்மொழிபெயர்ப்பைப் போற்றின. பிறகு பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியஸ், சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிடக் கருத்தைத் தமிழ் மரபில் சொல்வதே முறை என்று 1827இல் ஒரு கட்டுரையே எழுதித் திருத்தத்தில் இறங்கினார். தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தவர்களும் அதைக் கடுமையாக எதிர்த்தனர்.

இந்த எதிர்ப்பைப் பழமைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அதன் அடியில் நியாயமான ஒரு கேள்வி கிடக்கிறது: நேற்றுவரை கடவுளின் வாக்கு என்று கற்பித்த வசனத்தை இன்று திருத்தலாம் என்றால், நாளை திருத்தப்போவதை எப்படி நம்புவது? மிஷனரிக்கு வசனம் எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இருந்தது. தமிழ் மூப்பருக்கு அது அவர் காதில் விழுந்த தமிழிலேயே இருந்தது. தமிழ்க் கிறிஸ்தவத்தின் வேதாகம நம்பகத்தை விளங்கிக்கொள்ள இந்த ஒரு வேறுபாடு போதும்.

யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் தலைமையில் நடந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதில் துணைநின்றவர் சைவரான ஆறுமுக நாவலர். தமிழகச் சபைகள் அதை ஏற்கவில்லை. அதைவிட முக்கியமானது நாவலர் பின்னர் செய்தது. 1854இல் வந்த சைவதூஷண பரிகாரத்தில், மிஷனரிகள் சைவ வழிபாட்டில் கண்டித்தவற்றுக்கு இணையான சடங்குகளை வேதாகமத்திலிருந்தே எடுத்துக் காட்டினார். அந்நூலை அவ்வளவு கூர்ந்து வாசித்த தமிழர் அக்காலக் கிறிஸ்தவர்களில்கூட அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

இறுதியில் நிலைத்தது ஹென்றி பவர் தலைமையில் பல சபையாரும் சேர்ந்து செய்த திருப்புதல். புதிய ஏற்பாடு 1863இலும் முழு நூல் 1871இலும் வந்தன. முத்தையா பிள்ளை தமிழ்ப் புலவராக உடனிருந்தார். பராபரன் இருந்த இடத்தில் தேவன் வந்தார். லுத்தரன் சபையார் பப்ரிசியுஸை விடாமல் வைத்துக்கொண்டனர். மற்றவர்களுக்குப் பவரின் நடையே வேதத்தின் குரலாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் லார்சனும் மொனகனும் செய்த திருத்திய மொழிபெயர்ப்பு, புலமையில் மேம்பட்டதாக இருந்தும், அந்த இடத்தைப் பிடிக்கவில்லை.

பசுமலை

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்கர் மதுரையில் மிஷன் தொடங்கினர். 1842இல் திருமங்கலத்தில் ஆரம்பித்த செமினரி, வில்லியம் டிரேசியின் பொறுப்பில் 1845இல் பசுமலைக்கு மாறியது. கீழக்குயில்குடியிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டரில் உள்ள இக்குன்றடியில்தான் மதுரைச் சீமையின் உபதேசியார்களும் பாஸ்டர்களும் இரண்டு, மூன்று தலைமுறைகளாக உருவானார்கள். 1855இல் பாஸ்டனிலுள்ள மிஷன் தலைமையகத்திலிருந்து வந்த ரூபஸ் ஆண்டர்சன் குழு, ஆங்கிலக் கல்வியைக் குறைத்து, தமிழில் வேதம் கற்ற கிராமப் போதகர்களை உருவாக்குவதே மிஷனின் வேலை என்று திசைதிருப்பியது. தமிழ் வேதாகமம் ஒருவருக்குப் போதும் என்ற இம்முடிவில் நூலின்மேல் பெரும் நம்பிக்கை தெரிகிறது. மாணவருக்கு ஆங்கிலக் கதவு குறுகியது என்பதும் உண்மை.

நூலை ஒப்புக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. 1847இல், சாதியைத் துறந்ததற்கு அடையாளமாகச் சபையார் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்று அமெரிக்கரின் மதுரை மிஷன் வற்புறுத்தியபோது பலர் விலகினர். சாதி சமூக வழக்கமே அன்றிச் சமயக் காரியம் அன்று என்பது தஞ்சை முதல் மதுரை வரை ஒலித்த மறுப்பு. இரு தரப்பாரின் கையிலும் அதே புத்தகம். நம்பத்தக்க வழிகாட்டி எது என்பதில் கருத்து வேறுபாடே இல்லாமல் ஒரு சபை உடைய முடியும் என்பதை மிஷனரிகள் இங்கே கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

வத்திராயிருப்பு அருகே கிறிஸ்தியான்பேட்டையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் நடத்திய சபையில் 1860இல் எழுப்புதல் மூண்டது. பரவசமும் அன்னிய பாஷையும் தீர்க்கதரிசனமும் கண்ட அம்மக்கள் தாங்கள் வாசித்த அப்போஸ்தலர் நடபடிகள் தங்கள் ஊரில் நடப்பதாகவே கொண்டனர். பல மிஷனரிகள் ஐயத்தோடு பார்த்தனர். அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்தவை என்று கற்பித்தவற்றை மாணவர்கள் முடியாதவையாக வாசித்துவிட்டார்கள்.

நூலை வீட்டுக்குள் கொண்டுபோனவர்கள் பெண்கள். வேதாகமப் பெண்கள் என்று அழைக்கப்பட்ட பணியாளர்கள் மதுரை வீடுகளின் உள்முற்றத்தில் பெண்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பாடநூல் பெரும்பாலும் வேதப் பகுதிகளே. சாரா கேப்ரன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இப்பணியை மேற்பார்த்தார். ஈவா ஸ்விப்ட் 1892இல் அவர்களுக்கெனப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். ஞானஸ்நானம் எடுக்காமலே எழுத்தறிவை மட்டும் எடுத்துக்கொண்ட வீடுகள் மிகுதி.

நியூபிகின்

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. மீட்புக்கு வேண்டிய அனைத்தும் வேதாகமத்தில் உண்டு என்பதும், விசுவாசத்துக்கு அதுவே இறுதி அளவுகோல் என்பதும் அதன் அமைப்பு விதியில் இடம்பெற்றன. புதிய மதுரை இராமநாதபுரம் திருமண்டிலத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின் (1909–1998). முன்பு காஞ்சிபுரத்தில் இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு அமர்ந்து உபநிடதத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் மாறிமாறி வாசித்த ஸ்காட்லாந்துச் சபைப் போதகர் அவர். 1959 வரை மதுரையில் இருந்தார்; பின்னாளில் சென்னையிலும் பேராயரானார்.

வேதாகம நம்பகம் பற்றி 20ஆம் நூற்றாண்டில் உலகம் முழுவதும் வாசிக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று இவருடையது. 1995இல் எழுதிய ஒரு சிறு நூலில் இரு முகாம்களையும் ஒருசேர மறுத்தார். வேதத்தின் ஒவ்வொரு வாக்கியமும் பிழையற்ற தகவல் என்று நிறுவ முயல்பவரும், அறிவியல் சோதனையில் தேறாததைத் தள்ளுபவரும், ஐயத்துக்கே இடமில்லாத நிச்சயம் வேண்டும் என்ற தத்துவஞானி தேக்கார்த்தின் கோரிக்கைக்குப் பணிந்தவர்களே என்றார். வேதாகமம் பிழையற்றது என்று அமெரிக்காவில் 1978இல் வெளியான சிகாகோ அறிக்கை முதல் முகாமின் உறுதியான குரல். அறிதல் எதுவுமே முதலில் நம்பித் தொடங்குவதுதான் என்பதை அறிவியலாளர் மைக்கேல் போலன்யியிடமிருந்து நியூபிகின் எடுத்துக்கொண்டார். வேதம் அவருக்கு ஒரு கதை. அதற்குள் வாழ்கிற சபையே அதன் நம்பகத்துக்குச் சாட்சி.

இந்தக் கருத்து புத்தக அறையில் மட்டும் பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு போதகர் பல கிராமங்களைப் பார்க்க வேண்டிய, எழுத்தறியாதோர் நிறைந்த திருமண்டிலத்தில் 12 ஆண்டுகள் பேராயராக இருந்தவர் அவர். அங்கே வேதம் சரியா என்று ஊரார் பார்த்தது அக்கிறிஸ்தவர்கள் கடன் வாங்குவதையும் சண்டை தீர்ப்பதையும் வைத்தே.

அரசரடியும் கல்லுப்பட்டியும்

காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசிக் காலத்தை டி. கல்லுப்பட்டியில் கழித்தார். 1930இல், அகிம்சைப் போராட்டத்தில் திருச்சபை எங்கே நிற்கிறது என்று கல்கத்தா பேராயர் வெஸ்ட்காட்டிடம் சுவிசேஷத்தைக் கொண்டே கேட்டவர் அவர். 1945இல் வெளியான இயேசுவின் நடைமுறையும் போதனையும் பற்றிய நூலில், மலைப்பிரசங்கத்தை அன்றாடப் பொருளியலுக்கு வழிகாட்டியாக வாசித்தார். வேதத்தை முழுமையாக நம்பியதால்தான் சபையோடு சண்டையிட்டார் என்று சொல்லலாம்.

1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தொடங்கியது. தமிழே பயிற்றுமொழி. நூலின் வரலாறு, ஆசிரியர், கால அடுக்குகள் ஆகியவற்றை ஆராயும் விமரிசன முறை இங்கே பாடம். ஓய்வுநாள் பள்ளியில் வசனம் மனப்பாடம் செய்து வந்த மாணவருக்கு முதல் ஆண்டு அதிர்ச்சிதான். ஊருக்குப் போனால் இது விசுவாசத்தைக் கெடுக்கும் படிப்பு என்ற பேச்சு வேறு. பரட்டை என்று அறியப்பட்ட ஜே. தியோபிலஸ் அப்பாவு இந்த இடைவெளியை வேறு வகையில் கடந்தார். நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்து, ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதை நற்கருணையின் பொருளாக்கினார். 1847இல் மிஷன் கட்டளையாகப் போட்டதை ஒடுக்கப்பட்ட மக்களின் பக்கமிருந்து பாட்டாகச் சொன்னார் அவர்.

பொது மொழிபெயர்ப்பும் பழைய திருப்புதலும்

கத்தோலிக்கரிடையே தமிழ்ப் புதிய ஏற்பாடு பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். இயேசு சபையின் மதுரை மிஷனைச் சேர்ந்த திரிங்கால் அடிகளார் பதிப்பு அக்காலப் பதிப்புகளுள் ஒன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பரில் வெளியிட்ட இறைவெளிப்பாட்டுக் கொள்கைத்திரட்டு, விசுவாசிகள் அனைவரும் விவிலியம் வாசிக்க வேண்டும் என்று ஊக்கியது, மரபைக் கைவிடவில்லை. அதன் வழியில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் கூடி உருவாக்கிய திருவிவிலியம் 1995இல் வந்தது. கத்தோலிக்கர் ஏற்கும் 7 இணைத்திருமுறை நூல்களும் அதில் உண்டு.

கத்தோலிக்கத் திருப்பலியில் இன்று ஒலிப்பது அந்த மொழிபெயர்ப்பே. புராட்டஸ்டண்டுச் சபைகளில் அது ஆய்வு நூலாகவும் பிரசங்கத் தயாரிப்புக்கும் பயன்படுகிறது. பீடத்தில் விரிவது இன்னும் 1871இன் வழிவந்த பழைய திருப்புதல். ஆண்டின் முதல் இரவு ஆராதனையில் வீட்டுக்கு வீடு வாங்கிச் செல்லும் வாக்குத்தத்த அட்டையில் அச்சாவதும், கல்லறையில் பொறிப்பதும், கைப்பேசிச் செயலியில் முதலில் திறப்பதும் பவரின் தமிழ்தான்.